கடுகண்ணாவை ஏற்றத்தில் இரங்கனியின் வேன்

மாவனெல்லையில் கல்யாணங்களுக்குக் கண்டி நடனக்காரர்களை ஏற்றிப்போகும் வேன்கள் நாலைந்து உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டுகிறாள். அவள்தான் இரங்கனி அக்கா. அவளுடைய கணவர் ஜயதிஸ்ஸ அந்தக் குழுவின் தலைமை மேளக்காரர். நான் கல்யாணப் படம் எடுக்கிறவன். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவர்களோடு அதே வேனில் போய், அதே வேனில் திரும்புவேன். என் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. 'கமரா மல்லி', அதாவது கமராக்காரத் தம்பி என்றால் நான்தான்.

அக்கா திட்டம் போட்டு டிரைவர் ஆனவள் அல்ல. முன்பெல்லாம் நடனக்காரர்களுக்கு உடை கட்டிவிடத்தான் அவள் கூட வருவாள். மார்பில் மணிவலை, இடுப்பில் வெள்ளித் தகடு, தலையில் கிரீடம் என்று ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் ஆடுகிறவனுக்கு மூச்சு முட்டிவிடும். ஒருமுறை குருநாகலில் கல்யாணம் முடிந்தது. அடுத்தது கேகாலையில். வாடகை வேன்காரனைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் கேக் மேசைத் துணிக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. கல்யாண வீட்டுச் சாராயம் அவரை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தது.

அக்கா குனிந்து அவருடைய பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"என்ன செய்யப் போறே?" என்றார் ஜயதிஸ்ஸ.

"ஓட்டப் போறேன். அப்பாவோட வயல்ல லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டினவ நான்."

குழுவின் முதல் ஆட்டக்காரன் லலந்தவுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கே, அதுக்கு ரெண்டு சக்கரம். இதுக்கு நாலு இருக்கே!"

"அப்போ இன்னும் நல்லாத்தானே நிக்கும். ஏறு."

கேகாலை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போனோம். வழியெல்லாம் நடனக்காரர்கள் பயத்தில் பிரித் மந்திரம் ஓதிக்கொண்டே வந்தார்கள். மறுமாதமே அவள் லைசன்ஸ் எடுக்கப் பழகப் போனாள். அடுத்த வருஷம் இந்த வேனை வாங்கினார்கள்.

ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுக் கப்பலேற்றிய பழைய டீசல் வேன் அது. பக்கவாட்டில் ஜப்பான் எழுத்து பெரிதாக இருந்தது. மங்களகரமாக ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைத்து யாரும் அதை அழிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் ஜப்பான்காரி ஒருத்தி அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'நாய், பூனை ஆஸ்பத்திரி' என்று எழுதியிருக்கிறதாம். அன்றிலிருந்து லலந்த வேனில் ஏறும்போதெல்லாம் ஒரு தடவை குரைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

பின்னால் அரசாங்கம் தடை போட்டு, வெளிநாட்டு வாகனங்கள் வருவது நின்றுபோனது. இருக்கிற வண்டியைக் கட்டிக்காப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை. அக்காவும் வேனைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தாள். அப்படியிருக்க, ஒரு நாள் எஞ்சின் லைட் எரிந்தது. மஞ்சளாக, சின்னதாக, மீட்டருக்குப் பக்கத்தில்.

"இது ஏன் எரியுது?" என்றாள் அக்கா.

"எரிஞ்சா நல்லதுதானே. பேட்டரியில கரண்ட் இருக்குன்னு அர்த்தம்," என்றார் ஜயதிஸ்ஸ.

அன்றைக்கு பிலிமத்தலாவையில் கல்யாணம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வேன் இளைக்க ஆரம்பித்தது. அக்கா பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தாள். எஞ்சின் முனகியதே தவிர இழுக்கவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று கியர் இறங்கி, கடைசியில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் பஸ்களின் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது.

"இறங்குங்கடா!" என்றாள் அக்கா.

வெள்ளிக் கிரீடமும் மணிவலையுமாக ஆறு ஆட்டக்காரர்களும் இறங்கி வேனைத் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் காலில் சலங்கை குலுங்கியது. ஒரு வெள்ளை பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர் கத்தினான்.

"என்ன அக்கே, இந்த வருஷம் பெரஹரா ஊர்வலம் சீக்கிரமே வந்துடுச்சா? யானை எங்கே?"

"ஏறிட்டுப் போறியே, அதுதான் யானை!" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அவள் முகம் வாடித்தான் இருந்தது.

ஒரு தேத்தண்ணிக் கடை ஓரமாக வேனைத் தள்ளி நிறுத்தினோம். கருப்பட்டித் துண்டோடு ஆளுக்கொரு கிளாஸ் பிளேன்டீ குடித்தோம். பிறகு சாவியைத் திருப்பினால் வேன் ஒன்றுமே நடக்காதது போல ஏறிப் போனது. ஏற்றத்தின் உச்சிக்குப் போகும் வரைக்கும் முணுமுணுக்கக்கூட இல்லை.

"இதுக்குத் தேத்தண்ணி வேணும்னு கேட்டிருக்கு, பாவம்," என்றான் லலந்த.

மறுநாள் குலே பாஸின் கராஜுக்குப் போனோம். குலதுங்க என்பது முழுப் பெயர். மெக்கானிக்கை இங்கே எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேன் பழையது என்பதால் அவருடைய ஸ்கேனர் அதோடு பேச மறுத்தது. அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, அங்கிருந்த சின்னப் பெட்டியில் இரண்டு ஓட்டைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்தார். மஞ்சள் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"இது கணக்கு வச்சுத்தான் மின்னும். எத்தனை தடவை மின்னுதுன்னு பாருங்க. அதுதான் கோட்," என்றார் பாஸ்.

மேளக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜயதிஸ்ஸ முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தொடையில் தட்டினார். "தத், தத், தத்…" ஏழு. ஒரு சின்ன நிறுத்தம். பிறகு எட்டு.

"எட்டு, ஏழு," என்றான் லலந்த.

"ஏழு, எட்டு! தாளத்துக்குத் தொடக்கம் எதுன்னு எனக்குத் தெரியாதா? நீளமா எங்கே நிக்குதோ, அதுக்கப்புறம்தான்டா தொடக்கம். உன் காலுக்குத்தான் தாளம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது."

ஏழு எட்டு என்றால் எஞ்சினுக்குப் போகும் டீசலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். பாஸ் டீசல் பில்டரை மாற்றினார். லைட் அணைந்தது. இரண்டு கல்யாணங்களுக்குச் சுகமாகப் போய் வந்தோம். மூன்றாவதுக்குப் போகும்போது அதே ஏற்றத்தில் அதே இளைப்பு. மறுபடியும் தள்ளல், மறுபடியும் தேத்தண்ணி, மறுபடியும் வண்டி சரியாகிவிட்டது.

அடுத்ததாக அழுத்தம் பார்க்கும் சென்சரைச் சந்தேகப்பட்டார் பாஸ். கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்து, நல்லதாக ஒன்று பார்த்துக் கொண்டுவந்து போட்டார். அதிலும் பயனில்லை. வேன் ஏற்றத்தில் படுத்தது. இந்தத் தடவை சுற்றுலாக்காரர்கள் இறங்கி வந்து, தள்ளுகிற நடனக்காரர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் இரண்டு படம் எடுத்தேன். தொழில் அப்படி.

"இனி பம்ப்தான் அக்கே," என்றார் பாஸ். சொல்லும்போதே அவருக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பம்பை மாற்றுவது என்றால் வேனையே இன்னொரு தரம் வாங்குகிற மாதிரி.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "பாஸ், பம்ப் தேஞ்சுபோச்சுன்னா, கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா வளருமா?"

"வளராது."

"அப்போ தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா ஏன் சரியாகுது?"

பாஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அந்தக் கேள்வி எனக்கும் இருக்கு அக்கே. லைட்டு சொல்றது வயித்துவலின்னு மட்டும்தான். என்னத்தைத் தின்னேன்னு அது சொல்லாது."

பம்பை உடனே கழற்ற வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அந்த வாரம் முழுக்க அக்கா வண்டியையே கவனித்தாள். கேகாலைப் பக்கம் சமதரையில் நெடுந்தூரம் வேகமாகப் போனால் அங்கேயும் இளைக்கிறது. ஊருக்குள் மெல்ல ஓட்டினால் ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்தால் சரியாவதில்லை, அணைத்தால்தான் சரியாகிறது. இதையெல்லாம் சாப்பிடும்போதும் சொல்வாள், உடை கட்டும்போதும் சொல்வாள். "ஏ பொம்பளே, என் வயித்தை இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்று ஜயதிஸ்ஸ குறைபட்டார்.

விஷயம் பிடிபட்டது தெருவோரம் ஒரு தம்பிலிக் கடையில். எல்லாரும் செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். லலந்த ஸ்ட்ராவை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட ஒட்ட உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை.

"காலியாப்போச்சா?" என்றேன்.

"இல்ல, நிறைய இருக்கு." காயை ஆட்டிக் காட்டினான். உறிஞ்சுவதை விட்டுவிட்டு இன்னொரு தடவை மெதுவாக இழுத்தான், வந்தது. வேகமாக இழுத்தான், நின்றுவிட்டது. "உள்ள வழுக்கைத் துண்டு கிடக்கு. இழுத்தா வந்து அடைச்சுக்குது. விட்டா விழுந்துடுது."

அக்கா குடிப்பதை நிறுத்தினாள். லலந்தவின் கையிலிருந்த காயைப் பிடுங்கி, அவளே உறிஞ்சிப் பார்த்தாள். வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை.

"என் தம்பிலி!" என்றான் லலந்த.

"சும்மா இரு. வண்டியோட வியாதி இதுதான்டா." காயைக் கையில் பிடித்துக்கொண்டே பாஸுக்குப் போன் செய்தாள். "பாஸ், டேங்குக்குள்ள ஏதோ கிடக்கு. எஞ்சின் பலமா இழுக்கும்போது குழாய் வாயில வந்து ஒட்டிக்குது. அணைச்சா விழுந்துடுது."

மறுமுனையில் பாஸ் சிரிக்கும் சத்தம் கேட்டது. "நடக்கக்கூடிய விஷயம்தான் அக்கே! பம்ப், பம்ப்னு என் மண்டைக்குள்ள அதே ஓடிட்டு இருந்துச்சு. டேங்கை எட்டியே பாக்கல."

டேங்கை இறக்கிப் பார்க்க அன்று நேரமில்லை. டேங்க் நிறைய டீசல் வேறு இருந்தது. மறுநாள் காலை பிலிமத்தலாவையில் இன்னொரு கல்யாணம். பாஸ் ஒரு வழி சொன்னார். டேங்கை மறந்துவிட்டு, ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, எஞ்சினை அந்தக் கேனிலிருந்தே குடிக்க வைப்பது. ஏறிவிட்டால் குற்றம் டேங்கில். ஏறாவிட்டால் பம்பில். அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் என்பதால் வேலை சுலபம். டீசலை இழுக்க ஒரு ஹோஸ், மிஞ்சியது திரும்பி வர ஒரு ஹோஸ். கேனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள ஓர் ஆள்.

அந்த ஆள் ஜயதிஸ்ஸ. வெள்ளை உடை, சிவப்புக் கச்சை, தலைப்பாகை, மடியில் டீசல் கேன். பாஸ் வேலை செய்யும்போது கட்டியிருந்த சாரத்தோடேயே ஏறி, ஹோஸ்களைக் கையில் பிடித்தபடி கீழே குந்திக்கொண்டார்.

"கண்ணாடியெல்லாம் இறக்கி விடுங்க. எவனும் சிகரெட்டைக் கையாலகூடத் தொடக்கூடாது," என்றார்.

ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவு போனது. இளைக்கத் தொடங்கும் இடம் வந்தது. அக்காவின் உதடுகள் அசைந்தன, பிரார்த்தனையா திட்டா தெரியவில்லை. பெடலை அழுத்தினாள். வேன் முன்னால் பாய்ந்தது.

"மூணாவதுலயே போகுது!" என்று கத்தினாள். "மூணாவதுலயே போகுது பாஸ்!"

பின்னால் மேளம் வெடித்தது. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தபடியே காலை உதைத்துச் சலங்கையைக் குலுக்கினார்கள். ஜயதிஸ்ஸவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேனைத் தட்ட ஆரம்பித்தார்.

"அய்யே, கேனைத் தட்டாதீங்க! ஹோஸ் கழண்டுடும்!" என்று பாஸ் கீழேயிருந்து அலறினார்.

முன்னால் அந்த வெள்ளை பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதை அகன்ற இடத்தில் அக்கா ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினாள். மிதிபலகையில் அதே கண்டக்டர். அவன் வாயைத் திறப்பதற்குள் லலந்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வயிறு நிறைய மூச்சிழுத்துக் குரைத்தான்.

மண்டபத்தில் எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. எப்போதும் கடைசி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வருகிற குழு நாங்கள். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்துத் திகைத்தார்.

"நீங்க… எந்தக் கல்யாணத்துக்கு வந்தீங்க?"

மணமக்கள் ஏறி நிற்க வேண்டிய போருவை இன்னும் ஆணி அடித்து முடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பூக்கட்ட உட்கார்ந்தார்கள். பாஸ் உள்ளே வர மாட்டேன் என்று வேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். டீசல் வாடையோடு பாற்சோற்று மேசைக்குப் பக்கத்தில் போவது மரியாதை இல்லையாம். அங்கே நின்றதுதான் வினையாகப் போயிற்று. கையில் கேனோடு ஒரு மேளக்காரர் இறங்கியதைக் கண்ட பெண்ணின் மாமா, கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"என்னோட கார்லயும் ஒரு லைட் எரியுது, பாஸ்…"

கொஞ்ச நேரத்தில் கார்கள் நிறுத்துமிடத்தில் கூட்டம். கோட்டு போட்டவர், ஒசரிச் சேலை கட்டியவர், மாப்பிள்ளையின் தோழன் என்று எல்லாருக்கும் பழைய வண்டி, எல்லாருக்கும் ஒரு மஞ்சள் லைட். பாஸ் கம்பித் துண்டோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்க, அக்கா பக்கத்தில் நின்று கேள்வி கேட்டாள். "ஏத்தத்துலயா, சமதரையிலயா? காலையில முதல் ஸ்டார்ட்லயா, சூடான பிறகா? மழையிலயா?" ஒருவர் சொன்னார், மனைவி கூட வரும்போது மட்டும் லைட் எரிகிறதென்று. "பின்னால சாமான் ஏத்துவீங்களா அப்போ?" என்று அக்கா கேட்டாள். ஆமாம், மாமியார் வீட்டுக்குத் தேங்காய் மூட்டையும் சேர்த்துத்தான் போவார்களாம். "அப்போ மனுஷியைச் சொல்லாதீங்க. மூட்டையைச் சொல்லுங்க," என்றாள். பின்னால் நின்ற அந்த மனைவி கைதட்டினாள்.

உள்ளே சங்கு ஊதியபோதுதான் ஜயதிஸ்ஸவைக் காணவில்லை என்று தெரிந்தது. அவர் ஒரு காருக்குள் தலையை விட்டு, லைட் மின்னுவதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் கராஜில் டேங்கை இறக்கினார்கள். பாஸ் உள்ளே கையை விட்டுத் துழாவி, கசங்கி வழுவழுத்த ஒன்றை வெளியே இழுத்தார். இளஞ்சிவப்பு சொப்பிங் பேக்கின் ஒரு துண்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. தட்டுப்பாடு வந்து டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் நாங்கள் கேன்களில் சேர்த்து வைத்திருந்தோம். ஒழுகாமலிருக்க மூடிக்குக் கீழே பேக்கைக் கிழித்து வைத்து இறுக்குவார்கள். ஊற்றும்போது ஒரு துண்டு கூடவே போயிருக்கிறது.

"ஊத்தினது யாரு?" என்றாள் அக்கா.

ஜயதிஸ்ஸ கூரையைப் பார்த்தார். "ரெண்டு பேரும்தான் ஊத்தினோம்."

"நான் புனல் வச்சு ஊத்தினேன்."

"அந்தப் புனலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"பிடிச்சீங்க. ஆனா பாத்தீங்களா? வரிசையில பின்னால நின்னவன் மேளத்தை எடுத்து வாசிக்கச் சொன்னான்னு திரும்பிட்டீங்க!"

அது உண்மைதான். அந்த நாட்களில் எங்கள் குழு வரிசையிலேயே ஒத்திகை பார்க்கும். பெட்ரோல் ஷெட்டிலிருந்து பாலம் வரைக்கும் நின்ற ஜனம் முழுக்கக் கூட ஆடும். லொறிக்காரர்கள் ஹார்ன் அடித்துத் தாளம் போடுவார்கள். அதை நினைத்ததும் ஜயதிஸ்ஸவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கோபமாக இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாஸ் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கழுவிக் காயவைத்து கராஜ் சுவரில் ஆணியடித்து மாட்டினார். பம்ப் மாற்ற வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுகிறார்.

அதிலிருந்து அக்காவுக்கு ஒரு புதுப் பழக்கம். செவ்வாய்க்கிழமைகளில் கல்யாணம் குறைவு. அன்றைக்குக் குலே பாஸின் கராஜில் போய் உட்காருவாள். ஸ்பானரைத் தொடமாட்டாள். வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள், அவ்வளவுதான். பாஸே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவதும் உண்டு. "வண்டி பொய் சொல்லாது, ஓட்டுறவன்தான் சொல்லுவான். அக்கே கேட்டா கக்கிடுவான்," என்பார்.

போன மாதம் ராம்பொடைப் பக்கத்திலிருந்து ஒரு லொறிக்காரர் வந்திருந்தார். லொறி புகை கக்குகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. பெயர் அபேகோன், ஆள் மலை மாதிரி.

"மண்ணெண்ணெய் கலந்தீங்களா?" என்றாள் அக்கா.

"ஐயோ, அம்மா மேல சத்தியமா இல்ல!"

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல… தவறிட்டாங்க."

"அதான் இவ்வளவு தைரியமா சத்தியம் பண்றீங்க. மகள் இருக்கா?"

அபேகோன் பாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலால் மண்ணைக் கிளறினார். "கொஞ்சம்தான் கலந்தேன் நங்கி," என்று தங்கையிடம் சொல்வதுபோல முனகினார்.

கராஜே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்தார். லொறி சரியானதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி அக்காவிடம் வந்து, மகளுக்கு வருகிற மாதம் கல்யாணம், நீங்கள்தான் குழுவைக் கூட்டி வரவேண்டும் என்று வெற்றிலை வைத்து அழைத்தார். அக்கா வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை எவ்வளவு செங்குத்து, மழையில் வழுக்குமா, வழியில் வண்டியைத் திருப்ப இடம் உண்டா என்று அவரை உட்காரவைத்து விசாரிக்க ஆரம்பித்தாள்.